பத்து மணி வாளி

எங்கள் பள்ளிக்கு வாரத்தில் மூன்று நாள் வருகிறவளை மைக் டீச்சர் என்போம். ஊதினால் பறந்துவிடுவாள், வேலையில் மட்டும் ராட்சசி. காது கேளாத பிள்ளைகளுக்காகவே வருகிறவள். வகுப்பு டீச்சர் கழுத்தில் சின்ன மைக்கை மாட்டுவாள். அதில் பேசுவது பிள்ளையின் காது மெஷினில் கேட்கும். டீச்சர் கரும்பலகையைப் பார்த்துப் பேசினால், தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவாள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு வாலு. தினமும் பத்து மணிக்கு மெஷினைக் கழற்றிப் பென்சில் டப்பாவில் போட்டுவிடும். அப்புறம் பாடமாவது மண்ணாவது! "இந்த மாசத்துக்குள்ள சரியாகலேன்னா விடுதிப் பள்ளிக்கு அனுப்பிடுவோம்" என்றார் தலைமையாசிரியர். அம்மாவை விட்டு ஒருநாளும் தூங்கியறியாத பிள்ளை அது.

மைக் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அந்த மெஷினில் குழாய் மாட்டி, டாக்டர் போலத் தன் காதில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பத்து மணி. திடீரென்று அலறியடித்து, வராண்டா கழுவிக்கொண்டிருந்த என்னிடம் ஓடிவந்தாள்.

"ஆயா, நில்லுங்க!"

"ஏன் டீச்சரம்மா, பாம்பா?"

குழாயை என் காதில் சொருகினாள். "இப்ப வாளிய இழுங்க."

தினமும் போலத்தான் வராண்டாவில் இரும்பு வாளியை இழுத்தேன். மண்டைக்குள் தகரக் கூரை இடிந்து விழுந்தது.

"அடப்பாவமே! இதையா அந்தப் புள்ள தினம் கேக்குது?"

"இதே சத்தந்தான். நாற்காலி இழுத்தாலும் இப்படித்தான்."

வாளியைக் கையில் தூக்கிக்கொண்டேன். "பெரிய சார்கிட்ட சொல்லிடுங்க, நாந்தான் காரணம்னு" என்றேன்.

"அதெல்லாம் வேணாம். பழைய டென்னிஸ் பந்து இருந்தா தேடுங்க."

மறுநாளிலிருந்து பள்ளி மணியடிப்பதற்கு முன்பே வராண்டாவைக் கழுவத் தொடங்கினேன். சாயங்காலங்களில் இருவரும் பந்தைக் கீறி, நாற்காலிக் கால்களில் மாட்டினோம்.

"நாற்காலிக்கெல்லாம் செருப்பு. நான்தான் வெறுங்காலு!"

"உங்களுக்கும் ரெண்டு பந்து மாட்டவா?" சிரித்தாள் கள்ளி.

மாசக் கடைசியில் தலைமையாசிரியர் சோதிக்க வந்தார். நாங்கள் வாசலில் நின்றோம். பத்தரையாகியும் பிள்ளையின் காதிலேயே மெஷின் இருந்தது. மைக்கை மாட்டிக்கொண்டு, பலகையைப் பார்த்தபடியே ஏதோ கேட்டார். வாலு எழுந்தது.

"சார், திரும்பிச் சொல்லுங்க. உங்க வாய் தெரியல."

முப்பது வருஷத்தில் அந்த மனிதரை யாரும் திருப்பி நான் பார்த்ததில்லை. திரும்பினார். கேட்டதையே மறுபடி கேட்டார். பிள்ளை டக்கென்று பதில் சொன்னது. வெளியே வரும்போது, "இங்கயே படிக்கட்டும்" என்றார்.

அதைக் கேட்டு மைக் டீச்சர் என் கையைக் கிள்ளிய தடம் ஒரு வாரம் போகவில்லை.