கேள்வி கேட்க வராத எம்.பி.

பாராளுமன்றம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குக் குமட்டுகிறது. மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே கடை வைத்திருப்பவனுக்கு டெல்லியோடு என்ன பகை? என் தங்கையால் வந்தது.

அவளை ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். கச்சத்தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போன மச்சானை இலங்கைக்காரர்கள் படகோடு பிடித்து ஜெயிலில் போட்டார்கள். தங்கை பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தீவு யாருக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் என்றைக்கோ பேசிக் கையெழுத்துப் போட்டுவிட்டன. அவையில் ஓட்டுக்கு விடவில்லை, முடித்தபிறகு சொன்னார்கள். இதை மேடைக்கு மேடை கிழிப்பார் ஒரு எம்.பி. ராமநாதபுரத்தில் அவர் கூட்டம் போட்டபோது தங்கை போய்க் காலைப் பிடிக்காத குறையாக அழுதாள். "அவையிலேயே கேக்குறேம்மா. அமைச்சர் வாயாலயே பதில் வாங்கித் தர்றேன்" என்றார். கேள்வியும் ஏற்கப்பட்டது. எல்லை ஒப்பந்தங்களுக்கு அவையின் சம்மதம் வேண்டாமா, பிடிபட்டவர்களை மீட்க என்ன வழி என்பது கேள்வி. இன்ன நாள் காலையில் டிவியில் பாருங்கள் என்று அவருடைய உதவியாளர் போன் செய்தார்.

கேள்வி கேட்டுவிட்டால் புருஷன் வந்துவிடுவான் என்றே தங்கை நம்பினாள். அன்று காலையிலேயே குளித்து, பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை மாட்டி, டிவி முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு மலையாளிச் சேட்டன் சாயா கிளாஸோடு வந்தார். ரயில், உரம் என்று ஏதேதோ கேள்விகள் போயின. பிறகு அந்த எம்.பி. பெயரைக் கூப்பிட்டார்கள்.

நாற்காலி காலி. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஆள் எவிடெ போயி?" என்றார் சேட்டன்.

"ஆள் இல்லேன்னா என்ன சேட்டா, அமைச்சர் பதில் பறயாம விடுவாரா?" என்றாள் என் மனைவி.

விட்டுவிடுவார். கேட்டவர் அவையில் இல்லையென்றால் அமைச்சர் வாயைத் திறக்க வேண்டாம். பதிலை மேஜையில் வைத்ததாக வைத்துக்கொள்வார்களாம். பேச்சுவார்த்தை நடந்துவருகிறது என்பதுதான் அந்தப் பதில் என்று பிறகு தெரிந்தது.

உதவியாளருக்குப் போன் போட்டேன். "கேள்வி பதிவாயிருச்சுண்ணே, அதுதான முக்கியம்" என்றார். காறித் துப்பலாம் போலிருந்தது. அன்று காலை எம்.பி. எங்கே இருந்தார் என்பது செல்போனிலேயே கிடைத்தது. ஏதோ நகைக்கடைத் திறப்பு விழாவில், சந்தன மாலையும் கையில் கத்தரிக்கோலுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். சாயங்காலம் டிவி விவாதத்தில் அதே ஆள், "பாராளுமன்றத்தை மதிக்காத ஒப்பந்தம்!" என்று மேஜையைக் குத்தினார். வெட்கம் மானம் ஒன்றும் கிடையாது. டிவியை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும்ணே, பாப்போம்" என்றாள் தங்கை. மடியில் தூங்கிவிட்ட சின்னவனின் புதுச் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"போன தடவ போன்ல பேசுனப்ப அவுக சொன்னாக. ஜெயில்ல தினம் காலைல பேரு கூப்புடுவாகளாம். காய்ச்சல்ல கெடந்தாலும் எந்திரிச்சு நிக்கணும். நிக்கலேன்னா அடியாம்ணே."