பாத்திரம் விழாத பாட்டு

மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளருக்காக அந்தக் காலத்தில் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பக்கத்து மைதானத்தில், துப்பாக்கியால் சுட்டு ஆடும் மொபைல் கேமுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். அதற்கு விளம்பரமாக ஒரு ராக் பாட்டு கேட்டார்கள். நான் பேஸ் கிட்டார், நண்பன் டிரம்ஸ். எழுதியதும் பாடியதும் நான்தான். 'சுடு, சாயும்வரை சுடு' என்று ஆரம்பித்தேன். தினமும் பெங்களூர் ரயிலில் நசுங்கி வருகிறவனுக்கு யாரையாவது அடிக்கவேண்டும் போலத்தான் இருக்கும். பாட்டிலாவது அடிப்போமே என்று வெறியோடு எழுதினேன்.

ஒரு ஞாயிறு மதியம் நண்பன் வீட்டில் ஒத்திகை. நான் சத்தத்தை முழுக்க ஏற்றினேன். அவன் கீழே இருந்த பெரிய டிரம்மின் பெடலை ஓங்கி மிதித்தான். சுவர் அதிர்ந்து, பரணிலிருந்த பித்தளைக் குடம் உருண்டு விழுந்தது.

பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அவன் அம்மா செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினாள். சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் பாறை வெடித்தால் வீடுகளில் பாத்திரம் விழும். ஆளை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் யார் உயிரோடு ஏறி வருகிறார்கள் என்று பார்க்கப் பெண்கள் சுரங்க வாயான ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். அப்படி ஓடிய ஒருநாள் அவள் புருஷன் வரவில்லை. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அவள் கால் இன்னும் அதை நம்பவில்லை.

நாங்கள் பின்னாலேயே ஓடிச் சேர்ந்தபோது, பூட்டிக் கிடந்த ஷாஃப்ட் கேட்டைக் கையால் குத்திக்கொண்டிருந்தாள். துருத் தகரம் கிழித்து முழங்கை வரை ரத்தம். பிடிக்கப் போன மகனைச் சட்டையோடு இழுத்து மாறி மாறி அறைந்தாள்.

"நீ மட்டும் மேல வந்துட்டியா? உங்கப்பன் எங்கடா?"

அவன் உதடு கிழிந்தது. கையைத் தடுக்காமல் வாங்கிக்கொண்டான். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

போட்டி அன்று காலை அவன் அம்மாவிடம் சொன்னான்: சாயங்காலம் அதிரும், அது வெறும் பாட்டு, ஒன்றும் ஆகாது. அவள் கட்டுப் போட்ட கையால் காபியை நீட்டினாள்.

"ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டுதான் உங்கப்பாவும் ஷிஃப்டுக்குப் போனாரு."

மேடையில் அவன் குச்சி உடைகிற மாதிரி அடித்தான். காலை மட்டும் பெரிய டிரம்மின் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றிவிட்டான். நான் பேஸை அடியோடு குறைத்தேன். அதிரவே இல்லையென்று பையன்கள் ஊளையிட்டுக் காலி பாட்டில்களை எறிந்தார்கள். ஒன்று என் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்க இறங்க 'சுடு' என்று கத்தினேன். அன்று எங்கள் லைனில் ஒரு வீட்டிலும் பாத்திரம் விழவில்லை.