நெஞ்சில் வைத்த ஸ்க்ரூடிரைவர்

அயர்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் சின்ன ஊரில், பூசை நேரத்து அமைதி என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நற்கருணை வாங்கி எல்லாரும் கண்மூடி இருக்கும்போது என் நெஞ்சுக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று கேட்கும். போன ஞாயிறு பக்கத்துப் பெரியவர் குனிந்து, நல்ல கடிகாரம் என்றார். மணி கேட்கிறார் போலிருக்கிறது என்று, பத்தே முக்கால் என்றேன். என் வெறுங்கையைப் பார்த்தவர் அப்புறம் என் பக்கமே திரும்பவில்லை.

கடிகாரம் இல்லை, வால்வு. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் மூன்று இதழ்க் கதவு இருக்க வேண்டும். எனக்குப் பிறவியிலேயே இரண்டுதான். ஐம்பது வயதுவரை அது சத்தமில்லாமல் உழைத்தது. நர்ஸ் வேலைக்கு வந்த மனைவியின் பின்னால் இங்கே வந்த பிறகுதான் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. கதவு தடித்துச் சுருங்கிவிட்டது என்று செயற்கை வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, கிருமி வால்வுக்குப் போகாமலிருக்கப் பல்லில் சீழ் பிடிக்காமல் ஜாக்கிரதை. ஆண்டவர் கிருபையில் எல்லாம் பழகிவிட்டது. கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. எனக்கு இருப்பது ஒரே தம்பி, ஆரோக்கியம். அவனுக்கும் மூச்சு வாங்குவதாகக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ஆரோக்கியம் ராயபுரத்தில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். ஓடும் எஞ்சினில் ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது அவன் தொழில். நான் ஊருக்குப் போனபோது கைப்பிடியை என் நெஞ்சில் வைத்து, முனையில் துணி சுற்றிக் காதை வைத்தான்.

“அண்ணாத்த, டேப்பெட் சவுண்டு சோக்கா கேக்குதுபா!”

எஞ்சின் வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்தான் டேப்பெட். பிறகு வீட்டிலிருந்த அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்திச் சோதித்தான். கடைசியில் தன்னையே.

“எனுக்கு ஒரு சத்தமும் இல்ல. வால்வு கன்டிசனா கீது. எக்கோவாம் எக்கோ!”

“டேய், கெட்டுப்போன வால்வு டிக் டிக்குனு அடிக்காதுடா. மாத்தி வெச்சதுதான் அடிக்கும்.”

“அப்போ ஆஸ்பத்திரிக்குப் போயி சத்தத்த வாங்கிகினு வந்துகீறியா?”

அவன் மனைவி மேரி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். “யோவ், கன்டிசன் வண்டி! மொட்டமாடி வரிக்கும் ஏறு பாக்கலாம்.”

ஏறினான். பாதியில் உட்கார்ந்துவிட்டான். “இந்தப் படிய இன்னா இவ்ளோ செங்குத்தா கட்டிக்கீறான்? எவன்மே கட்னான்?”

“நீதாய்யா!”

மறுநாள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். எக்கோவில் அவனுக்கும் இரண்டே இதழ். நன்றாகச் சுருங்கியிருந்தது. நல்லவேளை, சமயத்தில் வந்தீர்கள் என்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். சொந்தங்களே, காதை நம்பாதீர்கள், எக்கோ எடுங்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நான் அயர்லாந்து திரும்பிவிட்டேன். இப்போது அவனுக்கு வேறு கவலை. தெருவில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரி போவதால் தன் வால்வுச் சத்தம் தனக்கே கேட்கவில்லையாம்.

“அண்ணாத்த, உன் வூட்ல ஊசி வுழுந்தாலும் கேக்கும்ல? ஓடுதானு கேட்டுச் சொல்லு” என்று போனை நெஞ்சில் அழுத்தினான்.

இங்கே கதவைச் சாத்திக் கண்மூடிக்கொண்டேன். லாரி ஹாரன். மீன்காரம்மாவின் கூவல். மேரியின் திட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் டிக் டிக். அவனுடையதா, என்னுடையதா, எவ்வளவு முயன்றும் பிரிக்க முடியவில்லை.

“ஓடுதுடா” என்றேன்.