கதவுக்கு முட்டுக்கொடுத்த முட்டை

போன புதன்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு முட்டை வந்து இறங்கியது. ஷேர் ஆட்டோவில்.

கோழி முட்டை இல்லை. நடுத்தரப் பூசணிக்காய் அளவு. சாம்பல் நிறம். நெற்றியில் – முட்டைக்கு எது நெற்றி என்று கேட்காதீர்கள் – காய்ந்துபோன மஞ்சளும் குங்குமமும். ஆட்டோக்காரத் தம்பி அதைச் சீட்டிலிருந்து உருட்டி இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஹெச்.எம். சார் குடுத்தனுப்புனாருங்க. பத்திரமா எறக்கச் சொன்னாரு. பக்கத்து சீட்டுல வந்த பெரியவரு வழி பூரா தொட்டுக் கும்புட்டுக்கிட்டே வந்தாருக்கா. என்னா சாமின்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பள்ளிக்கூடத்து சாமின்னேன்."

தப்பாகச் சொல்லிவிடவில்லை. சில மாசம் அது அப்படித்தான் இருந்தது.

என் மகள் அபிநயா இந்த வருஷம் பத்தாம் வகுப்பு முடித்தாள். ஜெயங்கொண்டத்திலிருந்து மீன்சுருட்டி போகும் வழியில் ஒரு சின்ன ஊரின் அரசு உயர்நிலைப்பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாமே... எழுதினால் ஹெச்.எம். போன் பண்ணுவார். எழுதாவிட்டாலும் பண்ணுவார்.

பேர்தான் அபிநயா. மேடைக்கென்றே வைத்த மாதிரி பேர். ஆனால் பத்து வருஷப் படிப்பில் ஒரு தடவைகூட அவள் மேடை ஏறியதில்லை. முதல் வகுப்பு மாறுவேடப் போட்டியன்று காய்ச்சல். நான்காம் வகுப்பு குரூப் டான்ஸில், மேடை சின்னது என்று கடைசி வரிசையைக் கழித்துவிட்டார்கள். இவள்தான் கடைசி வரிசை. ஆறாம் வகுப்பு நாடகத்தில் மரமாக நடிக்க வாய்ப்பு வந்தது. பச்சை பெயின்ட் எல்லாம் அடித்து அனுப்பினேன். காட்சிக்கு அழகாக இருக்கும் என்று மரங்களை மேடைக்குக் கீழே நிறுத்திவிட்டார்கள்!

படிப்பிலும் நடு. விளையாட்டிலும் நடு. நடுவில் இருப்பவர்களை யார் மைக்கில் கூப்பிடுகிறார்கள்? பத்தோடு அந்தப் பள்ளிக்கூடம் முடிகிறது. பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி.

"ம்மா, இந்த வருஷம் ஆண்டு விழாவுலயாச்சும் ஒரு தடவ மேல ஏறிடணும்மா. சும்மா ஏறி எறங்குனாகூட போதும்." பள்ளி திறந்த ஜூன் மாதத்திலேயே இப்படிச் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்தான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

முட்டை அவள் வகுப்புக்கு வந்தது ஆடி மாதத்தில். பத்தாம் வகுப்பு அறைக் கதவுக்குக் கொண்டி இல்லை. காற்றடித்தால் டமார் டமார் என்று அடிக்கும். கணக்கு சார் 'எக்ஸ்' என்பார் – டமார். 'ஒய்' என்பார் – டமார். பொறுத்துப் பார்த்து, கதவோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அபிநயாவிடம், "வெளிய போயி ஏதாச்சும் ஒரு கல்லு எடுத்துட்டு வந்து இதுக்கு முட்டுக்குடும்மா" என்றார். இவள் போய் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் புல்லுக்குள் கிடந்த ஒன்றை இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தாள். தண்ணீர்க் குடம் தூக்கிப் பழகிய இடுப்பு. கதவு அடங்கியது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் இது அரியலூர் மாவட்டம். இங்கே கல்லைக் கல் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி இது. ஓடையில் கால் வைத்தால் கல்லாகிப்போன சிப்பி, சுண்ணாம்புக்கல் தோண்டினால் கல்லாகிப்போன நத்தை. வெளியூர் மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தாலும் பஜ்ஜி சாப்பிட்ட கையோடு, "எங்க ஊருல டைனோசர் இருந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவோம். பாவம், அவருக்குப் பெண்ணின் படிப்பைப் பற்றிக் கேட்கக்கூட இடைவெளி கிடைக்காது.

ஒருநாள் காலை ப்ரேயரில் யாரோ செய்தி வாசித்தார்கள் – எங்கோ டைனோசர் முட்டை கிடைத்ததாம், உருண்டையாக இருந்ததாம், ஓட்டில் வலை போட்டாற்போலக் கோடுகளாம். வரிசையில் நின்ற பத்தாம் வகுப்பு மொத்தமும் திரும்பித் தங்கள் கதவைப் பார்த்தது.

உருண்டை? ஆமாம். கோடு? மேலே மெல்லிசாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு!

சயின்ஸ் டீச்சர் மலர்க்கொடி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "பேட்டர்ன் இருக்கே..." என்றார். அந்த ஒரு வார்த்தை போதும். மத்தியானச் சத்துணவுக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். சிமென்ட், கம்பி, பெயின்ட். கட்டட விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரில் ஒரு பேர். மகள் கண்டுபிடித்தது என்றதும் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனார். முட்டையைச் சுற்றி வந்தார். விரலை மடக்கித் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"கல்லுன்னா சத்தம் வேற மாதிரி வரும் சார். எத்தன வருஷமா தட்டிப் பாக்குறேன்... இது முட்டதான். சந்தேகமே வேணாம்."

ஹெச்.எம்.முக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே முட்டை அவர் அறைக்குப் போனது. பதிலுக்குப் பத்தாம் வகுப்புக் கதவுக்கு ஒரு செங்கல் ஒதுக்கப்பட்டது. செங்கல் காற்றுக்குத் தாங்கவில்லை. மறுபடி டமார். ஆனால் அதைப் பற்றி இப்போது யார் கவலைப்பட்டார்கள்?

"மாவட்ட சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு இது போவுது. ஜெயிச்சிட்டு வாம்மா அபிநயா... ஆண்டு விழாவுல ஒன்ன மேடையில ஏத்தி, சீஃப் கெஸ்ட் கையால பொன்னாட போத்தச் சொல்றேன்!"

ஹெச்.எம். இப்படிச் சொன்ன அன்று இவள் பஸ்ஸில் வரவில்லை. ஓடியே வந்தாள்.

காலாண்டுப் பரீட்சையில்தான் முட்டை சாமியானது. கணக்குப் பரீட்சைக்கு முதல்நாள் யாரோ ஒரு செம்பருத்தியை வைத்தார்கள். மறுநாள் குங்குமம். அதற்கு மறுநாள் ஹெச்.எம். அறை வாசலில் க்யூ. சூடம் ஏற்றப் போனவனைப் பிடித்து, "இது என்ன பள்ளிக்கூடமா, சிறுவாச்சூர் கோயிலாடா?" என்று கத்தினார். கத்திவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் அவரே ஒரு பூ வைத்ததாக மலர்க்கொடி டீச்சர் சொன்னார். தேர்ச்சி சதவீதம் அவருக்கும் உண்டல்லவா!

ஐப்பசி மழையில் 'கலெக்டர் லீவு விடுவாரா' என்று ஊரே செல்போனை வெறித்துக்கொண்டிருக்க, இவள் கவலை ஹெச்.எம். அறை ஒழுகுமா என்பது. மார்கழியில் தன் ஸ்வெட்டரைக் கொண்டுபோய் முட்டைக்குப் போர்த்திவிட்டு, பற்கள் கிடுகிடுக்க அரையாண்டு எழுதினாள். ஆறாம் வகுப்புப் பசங்கள் வைக்கோல் கொண்டுவந்து அடியில் பரப்பினார்கள். பொரிக்க வேண்டுமாம்! பொரித்தால் யார் வளர்ப்பது என்று அவர்களுக்குள் சண்டை வேறு. நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அப்போது சிரிக்கவில்லை. ஆண்டு விழாவுக்கென்று ஒரு பட்டுப்புடவை எடுத்து, பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தேன்.

தை மாதம், அரியலூர். எக்ஸிபிஷன் ஹாலில் எங்கள் டேபிள் முன்னால்தான் கூட்டம். பின்னால் வீட்டுக்காரர் புதுச் சட்டையில். நடுவராக வந்தவர், பெரம்பலூர்ப் பக்கத்துக் காலேஜ் ஒன்றில் நிலவியல் பேராசிரியர். லென்ஸை எடுத்தார். குனிந்தார். ஒவ்வொரு கோடாக லென்ஸை நகர்த்திக்கொண்டே போனார். மலர்க்கொடி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் நிமிர்ந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "பாப்பா... ஒங்க ஸ்கூல்ல கிட்டத்துல ஏதாச்சும் கட்டட வேல நடந்துச்சா?"

கேட்டுக்கொண்டே நகத்தால் ஒரு கோட்டை நெம்பினார். ஒரு வெள்ளை நூல் நீளமாக உரிந்து வந்தது. பிளாஸ்டிக் சாக்கு நூல்.

"டைனோசர் காலத்துல சாக்கு கெடையாதும்மா. இது சிமென்ட். மழையில நனைஞ்சு, சாக்கோட கட்டி தட்டிப்போயிருக்கு. கோடெல்லாம் சாக்கு நெசவோட அச்சு."

அபிநயா விடவில்லை. "சார்... அப்ப உள்ள குட்டி இருக்காதுங்களா?"

ஹாலே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "இருக்காதும்மா" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போனார். நல்ல மனிதர்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் முட்டை அவள் மடியில் இருந்தது. மேலே துப்பட்டாவைப் போட்டு மூடியிருந்தாள். ஜெயங்கொண்டம் வந்தது. இறங்கும்போது, "புடவைய கடையில திருப்பிக் குடுத்துடும்மா" என்றாள்.

மறுநாள் பி.டி. சார் தலையைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். "சைக்கிள் ஸ்டாண்டு கட்டுனப்ப கொஞ்சம் சிமென்ட் மீந்துச்சுங்க. சாக்கோட கட்டி வெச்சேன், மழையில போச்சு. நான்தான் சாக்கக் கிழிச்சிட்டு புல்லுல உருட்டி வுட்டேன். அதுதான் இதுன்னு எனக்கெப்படிங்க தெரியும்? நானும்ல பூ வெச்சேன்!"

சைக்கிள் ஸ்டாண்டுக்கு சிமென்ட் யார் கொடுத்தது? அதற்குக் கல்வெட்டே இருக்கிறது – 'உபயம்' என்று போட்டு, கீழே என் வீட்டுக்காரர் பேர்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அவரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

"என்னங்க, வருஷக்கணக்கா சிமென்ட் விக்கிறீங்க. ஒங்க கடை சரக்கே ஒங்களுக்குத் தெரியலையா?"

"மூட்டையா இருந்தா தெரியும்..." என்றார். நியாயமான பதில்தான். எனக்குத்தான் கோபம் போகவில்லை.

மாவட்டம் முழுக்க கண்ணில் படுவதெல்லாம் சிமென்ட். லாரியில் சிமென்ட், காற்றில் சிமென்ட், துணி காயப்போட்டால் துணியில் சிமென்ட். அதில் ஒரு கட்டியைத் தூக்கிவைத்து டைனோசர் என்று கும்பிட எங்களால்தான் முடியும். எப்போதோ கோடி வருஷத்துக்கு முந்தியதெல்லாம் எங்களுக்கு உடனே புரிகிறது. போன மழையில் நனைந்ததுதான் புரிவதில்லை.

முட்டை மறுபடி கதவுக்குப் போனது. பசங்கள் இவளைச் 'சிமென்ட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆனாலும் இவள் வாரம் ஒரு தடவை முட்டையை ஈரத்துணியால் துடைத்தாள்.

மாசியில் ஆண்டு விழா. புடவையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கட்டிக்கொண்டு போனேன். இவள் வரமாட்டேன் என்றாள், இழுத்துக்கொண்டு போனேன். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முழு வருகைக்குப் பரிசு, கையெழுத்துக்குப் பரிசு, நகம் வெட்டியதற்குக்கூடப் பரிசு. ஒவ்வொரு பேருக்கும் இவள் கை தட்டினாள். நான் தட்டவில்லை, போங்கள்!

சீஃப் கெஸ்ட் எழுந்து பேச ஆரம்பித்தார். எங்கிருந்தோ ஒரு காற்று... மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பெரிய ஃபிளெக்ஸ், சட்டத்தோடு முன்னால் சாய்ந்தது. பி.டி. சார் ஒரு பக்கம் தொங்கினார். கணக்கு சார் இன்னொரு பக்கம். தூக்கித் தூக்கி நிறுத்துகிறார்கள், நிற்கவில்லை. சீஃப் கெஸ்ட் மைக்கோடு ஒதுங்கிவிட்டார்.

"யாராச்சும் ஒரு கல்லு கொண்டாங்கப்பா!" என்று ஹெச்.எம். கத்தினார். விழாவுக்காக மைதானத்தைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். கல்லுக்குப் பேர்போன மாவட்டத்தில், ஆத்திர அவசரத்துக்கு ஒரு கல் இல்லை!

ஹெச்.எம். மைக்கைப் பிடுங்கினார்.

"டென்த் ஸ்டாண்டர்டு அபிநயா! எங்கம்மா இருக்க? முட்டைய எடுத்துக்கிட்டு ஒடனே மேடைக்கு வா!"

முதலில் ஆறாம் வகுப்பு விசிலடித்தது. ஏழு, எட்டு, ஒன்பது, எல்லோரும் எழுந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து இவள் வகுப்பறைக்கு ஓடினாள். முட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டம் விலகி வழிவிட, படியேறினாள். ஒவ்வொரு படியாக. சட்டத்தின் காலில் முட்டையை வைத்தாள். ஃபிளெக்ஸ் நின்றது. அசையவே இல்லை!

சீஃப் கெஸ்ட்டுக்கு என்ன புரிந்ததோ, இது ஏதோ முக்கியமான பரிசு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. தன் மேல் போர்த்திய பொன்னாடையை எடுத்து இவள் தோளில் போட்டுக் கை குலுக்கினார். போட்டோகிராபர் "இங்க பாரும்மா" என்றார். இவள் பார்த்தாள். நான் கத்தினேனா, அழுதேனா, இரண்டும் செய்தேனா என்று தெரியவில்லை. பக்கத்தில் வீட்டுக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

பங்குனியில் பொதுத்தேர்வு வந்ததும் முட்டைக்கு மறுபடி மஞ்சள், குங்குமம். தேர்வும் முடிந்தது. 'இது உங்க பொண்ணு சொத்து' என்று சொல்லி ஹெச்.எம். அனுப்பிவைத்ததுதான் புதன்கிழமை வந்த பார்சல்.

சாயங்காலம் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மறுபடி விரலை மடக்கித் தட்டினார். "நம்ம கடை சரக்குதானே... கடை வாசல்ல வெச்சிக்கிறேனே. கஸ்டமருக்கெல்லாம் காட்டலாம்" என்றார்.

உள்ளேயிருந்து ஓடிவந்து முட்டையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள் அபிநயா.

"போட்டது வேணா நீங்களா இருக்கலாம்ப்பா... அடைகாத்தது நான்!"