அக்ரூட் வைத்த அத்தி

ப்ளோவ்திவ் நகரச் சந்தையில் மெதோதி பெயரைச் சொன்னால் உலர்பழ மூட்டைகளே எழுந்து நிற்கும். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு, ரயிலடியில் சூரியகாந்தி விதை விற்றவர் இன்று சொந்த லாரியில் துருக்கி அத்தி ஏற்றி வருகிறார் என்றால் சும்மாவா?

அந்த டிசம்பரில் மட்டும் மூளை கொஞ்சம் அதிகமாக வேலை செய்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவுச் சாப்பாட்டில் கொதிக்கவைத்த உலர்பழமும் அக்ரூட்டும் இல்லாத வீடு கிடையாது. இரண்டையும் ஜனங்கள் ஏன் தனித்தனியாக வாங்க வேண்டும்? துருக்கியிலேயே கூலிக்கு ஆள் வைத்து, ஒவ்வோர் அத்திக்குள்ளும் ஓர் அக்ரூட் பருப்பைச் செருகிக் கொண்டுவந்தார்.

எல்லையில் காலின் என்ற சுங்க அதிகாரி ஒரு பழத்தைப் பிளந்து பார்த்தான்.

"பெரியவரே, இது உலர்பழக் கணக்குல வராது. பருப்பு வச்சா பலகாரம். அதுக்கு வரி வேற."

"அத்தி அத்திதானே தம்பி? உள்ள பருப்பு இருந்தா பேரீச்சையா ஆயிடுமா?"

"ஆகாது. வரிதான் மூணு மடங்கு ஆகும்."

கையிலிருந்த பணம் அதற்குக் காணாது. பண்டிகை தாண்டினால் அத்தியைச் சீந்த ஆள் இல்லை. வருஷம் முழுக்கச் சேர்த்த முதல் அந்த லாரியில் நின்றது.

கூட வந்த மனைவி ஸ்பாஸ்காதான் கேட்டாள். "வச்சத எடுத்துட்டா?"

காலின் உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டு வந்தான். "அத்தி தனி, அக்ரூட் தனின்னா பழைய வரிதான். ஆனா கிடங்குலயே, எங்க கண்ணு முன்னால எடுக்கணும்."

கிடங்கில் கணப்பு இல்லை. கவிழ்த்த பெட்டிகளில் உட்கார்ந்து இருவரும் பிய்த்தார்கள். விரலெல்லாம் பிசுபிசுப்பு, நகக்கண்ணெல்லாம் எரிச்சல். மறுநாளும் பெட்டிகள் குறைந்தபாடில்லை.

"வைக்கக் கூலி குடுத்தீங்களே, எடுக்க யாரு குடுப்பா?"

"பேசாம எடுடி."

காலின் எட்டிப் பார்த்தான். "முடிஞ்சுதா பெரியவரே?"

"என்னை மாதிரி வேகமா எடுக்க இந்த நாட்டுலயே ஆள் கிடையாது தம்பி."

"இவரை மாதிரி வச்சவனும் கிடையாது," என்றாள் ஸ்பாஸ்கா.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் சரக்கு சந்தைக்கு வந்து சேர்ந்தது. வாய் பிளந்து கிடந்த பழங்களை ஒருத்தி புரட்டினாள். "இதை யாரு கடிச்சது?"

மெதோதி ஏதோ பெருமையாகச் சொல்ல வாயெடுத்தார்.

"கொதிக்க வச்சா கிழிசல் தெரியுமாம்மா? முக்கால் விலைக்கு எடுத்துக்க," என்றாள் ஸ்பாஸ்கா.

மத்தியானத்துக்குள் எல்லாம் போய்விட்டது. லாபம் இல்லை, போட்ட முதல் மட்டும் திரும்பிவிட்டது. அதைச் சொல்ல அவள் லாரிப் பக்கம் போனபோது, மெதோதி காலிச் சாக்குகளின் மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.