அண்ணன் மாட்டிய சைலன்சர்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எதை எடுத்து முகர்ந்தாலும் ஆயில் கலந்த பெட்ரோல் புகையின் வாடைதான். கொடியில் காயும் பாவாடை, உறியில் தொங்கும் தயிர்ச்சட்டி, அம்மா பின்னிவிட்ட என் தலைமயிர் என்று எல்லாவற்றிலும் அந்த நீலப்புகை ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ அதில் பெருமை தாங்காது, ஏனென்றால் எங்கள் ஊரில் வேறு எவர் வீட்டிலும் மோட்டார் சைக்கிள் கிடையாது.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில், தார்ச்சாலையை ஒட்டி எங்கள் மேட்டாங்காடு, வானம் பார்த்த நிலம். எனக்குப் பதினொரு வயது, அண்ணன் பழனிச்சாமிக்கு இருபது. எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவை இரண்டும் தங்கவில்லை. அதனால் அண்ணன் என்னைத் தங்கையாக நடத்தியதைவிடத் தன் பிள்ளையாக நடத்தியதே அதிகம். அவர் நாமக்கல்லில் லாரிக்கு "பாடி" கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டர். அந்தப் பட்டறையின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு "டூ ஸ்ட்ரோக்" வண்டியைக் கேட்டு வாங்கி, பஸ் மேலே போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, மாட்டுக்கொட்டகையில் வைத்தே பூட்டி ஓடவைத்துவிட்டார். அதுவரைக்கும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் அவருக்கும் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

தகராறு சைலன்சரில் ஆரம்பித்தது. மாசி மாதம் ஏரி வற்றியதும் சுற்றுப்பட்டு இளவட்டங்கள் ஏரிக்குள் வண்டியை இறக்கிப் பந்தயம் விடுவார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் "ரிக்" லாரி வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் புதுப்புது வண்டிகளோடு வந்து புழுதியைக் கிளப்புவார்கள். போன மாசியில் அண்ணன் அதில் கடைசியாக வந்தார். வந்ததுகூடப் பரவாயில்லை, ஒருவன் கையைத் தட்டிச் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. யாரோ ஒரு ரிக் டிரைவர் பம்பாயிலிருந்து கொண்டுவந்த இங்கிலீஷ் புத்தகத்தில் வெள்ளைக்காரர்கள் சேற்றில் ஓட்டுகிற வண்டியின் படம் ஒன்று இருந்தது. அதைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். அந்த வண்டிகளின் சைலன்சர் இஞ்சின் வாயில் குறுகித் தொடங்கி, நடுவில் வயிறு பெருத்து, வால் பக்கம் மறுபடி குறுகியிருந்தது.

"பொகை போற வழி சரியா இருந்தாத்தான் அம்மிணி இஞ்சின் மூச்சு உடும். நம்ம வண்டிக்கு மூக்கடைப்பு" என்று எனக்கு விளக்குவார். பட்டறையில் மிஞ்சிய தகரத்தை வெட்டி, உருட்டி, கூம்பு கூம்பாக வெல்டு வைத்து, படத்தில் இருந்ததைப் போலவே ஒன்றைச் செய்துவிட்டார். வளைவு எங்கே வரவேண்டும் என்று அளக்க அவரிடம் கருவி ஏது? கட்டுக்கம்பியை இஞ்சின் வாயிலிருந்து பின்சக்கரம்வரை வளைத்து வளைத்துப் பார்த்து, அந்தக் கம்பியையே பத்திரமாகப் பட்டறைக்கு எடுத்துப்போய் அதன்படி குழாயை வளைத்தார்.

மாட்டிய நாளன்று நானும்தான் கொட்டகையில் இருந்தேன். பழைய சைலன்சரைக் கழற்றியபோது உள்ளே விரல்கனத்துக்குக் கரி படிந்திருந்தது. புதியது பக்கவாட்டில் உட்காரவில்லை. கால் வைக்கிற கம்பி இடித்தது. அதனால் வயிறு பெருத்த பாகத்தை இஞ்சினுக்கு அடியில், தரைக்கு ஒரு சாண் உயரத்தில் வருகிற மாதிரி கொண்டுபோனார். அவர் நட்டை முடுக்குகிறவரைக்கும் நான் மண்டி போட்டு அந்தக் குழாயைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தேன். வாய்ப்பக்கம் ஆடாமல் இருக்க சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங் இரண்டைப் போட்டு இழுத்துக் கட்டினார். உதைத்துக் கிளப்பினார். கொட்டகையில் இருந்த மாடுகள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு துள்ளின. அப்பா காட்டிலிருந்து ஓடி வந்தார்.

"ஓடற வண்டிய எதுக்குடா நோண்டறே? அதுக்கு என்ன நோவு வந்துருச்சு?" என்றார். அந்தச் சத்தத்தோடு வண்டி காட்டுப்பக்கமோ மாட்டுப்பக்கமோ காயப்போட்ட தானியத்தின் பக்கமோ வரக்கூடாது, சாலையோடு போய்ச் சாலையோடு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். அண்ணன் தலையை ஆட்டினார்.

இரண்டொரு நாள் ஓட்டியபிறகு அண்ணன் பிளக்கைக் கழற்றி என்னிடம் காட்டினார். நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "சூடு ஜாஸ்தியா இருக்குது. அடியில ஒரு தகடு வெச்சு மறைக்கோணும். தைப்பூசம் கழியட்டும்" என்றார். இதை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஒரு வழக்கம் இருந்தது. தை மாதம் கொள்ளுச்செடியைப் பிடுங்கிக் காயவைத்து, களத்தில் மாடு கட்டி மிதிக்க நேரமில்லாதவர்கள், அதைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறிப்போகப்போக நெற்று வெடித்துக் கொள்ளு உதிரும். டிரைவர்கள் வைதுகொண்டே ஏற்றுவார்கள். நடுநடுவே கவைக்குச்சியால் செடியைப் புரட்டிப் போட்டு, பொழுது சாயும்முன் கூட்டி அள்ளித் தூற்றினால் வேலை முடிந்தது. மாட்டுக்கு வருஷத் தீனியும், எங்களுக்கு ரசத்துக்கும் பருப்புக்கும் ஆனதும் அந்த ஒரு விளைச்சல்தான்.

தைப்பூசத்தன்று அப்பா சூரமங்கலத்தில் இருந்த பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று விடியற்காலை பஸ்ஸுக்கே போய்விட்டார். போகும்போது என்னிடம், "மூணு தரம் பொரட்டிப் போடோணும் சாமி. பொழுதுக்குள்ள அள்ளிட்டீன்னா அம்மாகூடத் தேருக்குப் போய்ட்டு வா" என்றார். பக்கத்து ஊர்த் தேர். வளையல் கடையும் ராட்டினமும் வரும். நான் கவைக்குச்சியோடு சாலைக்குப் போனேன்.

ஆனால் அந்த விடியற்காலை வண்டிக்குப் பிறகு பஸ்ஸே வரவில்லை, பூசத்துக்கு லாரியும் ஓடவில்லை. பஸ்களை எல்லாம் தேர்க் கூட்டத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். உச்சிப்பொழுது தாண்டியும் கொள்ளு போட்டது போட்டபடி கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது, அழுகை அழுகையாக வந்தது. அண்ணன் லீவில் வீட்டில் இருந்தார். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"ஏனுங்ணா, பஸ்ஸெல்லாம் தேருக்குப் போயிருச்சுங்க. நீங்க கொள்ளுமேல நாலு சுத்து ஓட்டுனீங்கன்னா பொழுதுக்குள்ள உதுந்துருமுங்க."

"அப்பா பாத்தா வெய்வாரு அம்மிணி."

"அப்பாதான் சூரமங்கலத்துல இருக்கறாருங்களே."

அவர் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தார். பிறகு என் மூஞ்சியைப் பார்த்தார். "செரி, அழுவாதே. ரெண்டு சுத்து" என்று கிளப்பினார். நான் இல்லாமல் அவராக அந்தச் செடிமேல் ஏற்றியிருக்க மாட்டார். இதை எந்தச் சாமி சன்னதியிலும் சத்தியமாகச் சொல்வேன்.

இரண்டு சுற்று நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. நெற்றுகள் சக்கரத்தடியில் படபடவென்று வெடித்தன. நான் ஓரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். கொள்ளு கொடிச்செடி, காய்ந்தாலும் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டுதான் கிடக்கும். அது சக்கரத்தில் சுற்றி, இஞ்சினுக்கும் அடியில் தொங்கிய அந்தக் குழாய் வயிற்றுக்கும் இடையில் போய் அடைந்துகொண்டே இருந்திருக்கிறது. புகை வந்ததைப் பார்த்தேன். அந்த வண்டியில் எப்போதுதான் புகை வராது? வழக்கமான நீலத்தைவிட வெளுப்பாக இருந்ததையும் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை, தேர் நினைப்பில் இருந்தேன். நெருப்பு படபடத்ததும் நெற்று வெடித்ததும் காதுக்கு ஒன்றுபோலவே இருந்தன.

அண்ணனுக்குக் காலில் சுட்டபிறகுதான் தெரிந்தது. செடிக்கு நடுவிலேயே வண்டியை நிறுத்தினார். இறங்குவதற்குள் காற்சட்டை பற்றிக்கொண்டது. நெருப்பு வண்டியிலிருந்து செடிக்கு இறங்கி, காற்று அடித்த பக்கம் சாலையோடு ஓடத் தொடங்கியது. சத்தம் கேட்டு அம்மா வந்தாள். அண்ணன் எரிகிற காலை மண்ணில் தேய்த்துக்கொண்டு வண்டியைப் பிடித்து இழுக்கிறார். அம்மா வெறுங்கையால் கொள்ளுச்செடியைக் கட்டுக்கட்டாக வாரி வாரி அப்பால் எறிகிறாள். எரிகிறது எது, எரியாதது எது என்று அவள் பார்க்கவே இல்லை. நான் நின்றது நின்றபடி நின்றேன். கவைக்குச்சி கையில்தான் இருந்தது.

ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. பக்கத்துக் காட்டுச் சனம் ஓடி வந்து, தீப்புண்ணுக்குக் குளிர்ச்சி என்று என் பள்ளிக்கூட மைப்புட்டியை எடுத்து இருவருக்கும் ஊற்றினார்கள். அம்மாவின் வலதுகையை விரலோடு விரலாகச் சேர்த்து வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு இரண்டு நாள் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அம்மாவின் மோதிர விரலும் சுண்டு விரலும் ஒட்டியே ஆறின. பால் பீச்ச முடியவில்லை. சோற்றைப் பிசைந்தால் பாதி கீழே சிந்தும். யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சிந்தியதை இடதுகையால் எடுத்துத் தட்டில் போட்டுக்கொள்வாள்.

அண்ணனுக்குக் கால் முழங்கால்வரை வெந்து, பத்துப் பன்னிரண்டு நாள் காய்ச்சல் அனலாய் அடித்தது. என்னென்னவோ பினாத்தினார். காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்த அன்று அப்பா வந்து கட்டில் எதிரில் நின்று கேட்டார். "எவன் சொல்லிடா அதுமேல ஓட்டுனே?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா மறுபடி கேட்டார். நான் கதவோரம் நின்றேன். ஒரு வார்த்தை, நான்தானுங்க என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அப்பா என்னை அடித்ததே கிடையாது. அன்றும் அடித்திருக்க மாட்டார் என்றுதான் இன்று தோன்றுகிறது. அண்ணன் தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

"பெத்தவ கைய எரிச்சவன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். நடக்க முடிஞ்சதும் ஊட்ட உட்டு எறங்கிக்க" என்றார் அப்பா. அம்மா அழுது பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. மாசி கடைசியில் அண்ணன் ஒரு ரிக் லாரியில் ஏறி வடக்கே போனார். போகும்போது என் தலையில் கை வைத்து, "நல்லாப் படி அம்மிணி" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் எல்லாப் பழியையும் தானே சுமந்துகொண்டு போகிறார் என்று நினைத்து, அவர் போன திசையைப் பார்த்து அழுதேன். அப்படி நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது, அதை மறைப்பானேன்.

என் கல்யாணத்துக்கு அண்ணன் வந்து பந்தல் கடைசியில் நின்றுவிட்டுப் போனார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்பா படுக்கையில் விழுந்த கடைசி வருஷம், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, "அவன் தானா ஓட்டறவன் இல்ல சாமி. எவனோ ஏத்திவுட்டிருக்கறான்" என்றார். நான் கரண்டியை அவர் வாய்க்குக் கொண்டுபோனேன். அதுதான் என் பதில். அவர் இறந்தபோது அண்ணன் எங்கோ மத்தியப் பிரதேசத்துக் காட்டில் இருந்தார். தந்தி கிடைத்து வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்திருந்தார்.

இப்போது அந்தச் சாலை நாலு வழி ஆகிவிட்டது. கொள்ளை யாரும் சாலையில் போடுவதில்லை, போடுவதற்கு விதைக்கிறவர்களே இல்லை. எங்கள் மேட்டாங்காட்டில் கோழிப்பண்ணைக் கொட்டகைகள் நீள நீளமாக நிற்கின்றன. ஏரியில் கருவேல முள் அடைந்து கிடக்கிறது. அம்மாவும் போய்விட்டாள். நீலப்புகை விடுகிற வண்டி கண்ணில் பட்டுப் பல வருஷம் ஆயிற்று.

அண்ணன் ராய்ச்சூர்ப் பக்கம் குடும்பத்தோடு நிலைத்துவிட்டார். வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். போன தை மாதம் பேசும்போது, பேச்சு ஓய்ந்து வைக்கப்போகிற சமயத்தில், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மிணி, ஒன்னு கேக்கோணும்னு ரொம்ப வருஷமா நெனப்பு. அப்பா அத்தன சொல்லியும் நான் எதுக்கு அன்னைக்கு வண்டியக் கொள்ளுமேல ஏத்துனேன்? காய்ச்சல்ல எல்லாம் மறந்துபோச்சு. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒன்னுமே புடிபடமாட்டேங்குது. அன்னைக்கு அப்பா கேட்டப்பக்கூட எனக்குத் தெரியலீன்னுதான் சும்மா இருந்தேன். அம்மா கைய எரிக்கோணும்னு எந்தப் பேய் புடிச்சு ஆட்டுச்சோ என்னைய."

நாற்பது வருஷமாக அவர் என்னைக் காப்பாற்றியதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவரோ அத்தனை வருஷமும் தன்னையே பேய் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் நான் சொன்னது, "சாப்பிட்டீங்களாண்ணா?"

அண்ணனுக்கு இப்போது பார்வை சரியாக இல்லை, எழுத்துக் கூட்டிப் படிக்க முடிவதில்லை. அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.