வெள்ளைத்துணி மேடம்

மடித்த வெள்ளைத் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, மேடம் கதவின் மேல்விளிம்பில் ஓர் இழுப்பு இழுக்கிறார். பிறகு துணியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். அது அவருடைய அண்ணன் வீட்டுக் கதவு. வீடு கட்டி முடித்த நாளிலிருந்து அந்த விளிம்பை யாரும் தொடவில்லை என்று துணி சொல்லிவிடுகிறது. "பரவாயில்ல, வீடுன்னா அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அந்தக் குரலில் பரவாயில்லை என்பதற்கான தடயம் மருந்துக்குக்கூட இல்லை.

பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு மேடம்தான் தலைமை. விருந்தாளி காலி செய்த அறையைப் பணிப்பெண்கள் துடைத்து, படுக்கை விரித்து, துண்டு மடித்து வைத்துவிட்டு வாசலில் நிற்பார்கள். மேடம் உள்ளே போவார். கதவு விளிம்பு, கட்டிலின் தலைமாட்டுப் பின்புறம், குளியலறைக் குழாயின் அடிப்பக்கம் என்று யாருக்கும் தோன்றாத இடங்களில் துணி போய்வரும். "துணி வெள்ளையா வரலைன்னா ரூம் ரெடி இல்ல. இதுல பேச என்ன இருக்கு?" பேச ஒன்றும் இருக்காது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அவருக்கு 'வெள்ளைத்துணி' என்று பெயர் வைத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. லிஃப்டுக்குள் இரண்டு பேர் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. எதிரே மேடம். "பேரு நல்லாத்தான் இருக்கு. அந்த சிரிப்பை மட்டும் ரூமை முடிச்சிட்டு சிரிங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

இப்போது அவர் நீண்ட விடுப்பில் இருக்கிறார். பிறந்தபோது ஆண் என்று எழுதிவைத்த உடம்பை, தான் சிறுவயதிலிருந்தே அறிந்த பெண்ணின் உடம்பாக ஆக்கிக்கொள்ளும் அறுவை சிகிச்சை. சேலையும் பெயரும் வேலையும் எப்போதோ வந்துவிட்டன. இது மட்டும் பாக்கி இருந்தது. விடுப்புக் கேட்டபோது மேலாளர், "என்ன ஆபரேஷன்?" என்றார். "ரொம்ப லேட்டா நடக்கிற ஆபரேஷன் சார்" என்றார் மேடம். மேலாளர் அதற்குமேல் கேட்கவில்லை.

மேடம் தனியாக இருப்பவர். கொஞ்ச காலம் யாராவது கூட இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நாளெல்லாம் லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டுக் கிணற்றுக்குள் கம்பிகளோடு பேசிப் பழகியதாலோ என்னவோ, மனிதர்களோடு பேச்சு வராது. தங்கைக்கு என்ன சிகிச்சை என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஆனால் தங்கை வருவதற்கு முதல் நாள் குளியலறைச் சுவரில் ஓர் எஃகுப் பிடியைப் பொருத்தி, தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். உட்காரும்போது காயம் அழுந்தாமல் இருக்க நடுவில் ஓட்டை வைத்த மெத்தை ஒன்றை வாங்கிவந்து, நாற்காலியில் வைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாதவர்போல நடந்துகொண்டார். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீர் வாளியைக் குளியலறை வாசலில் வைத்து ஒரு முறை இருமுவார். அதுதான் தகவல்.

அண்ணி வேறு மாதிரி. பள்ளி வேன் ஓட்டுகிறவர். விடியும் முன்பே எழுந்து, தெருத்தெருவாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டுபோய்ப் பள்ளியில் கொட்டிவிட்டு வருவார். மேடமை அவர் ஒரு காலத்தில் "தம்பி" என்று கூப்பிட்டார். இடையில் சில வருஷம் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இந்தா", "இங்க பாரு" என்று காலத்தை ஓட்டினார். ஒருநாள் எந்த அறிவிப்பும் இல்லாமல் "ஏம்மா" என்று கூப்பிட்டார். மேடம் அன்று குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

அதே குளியலறைதான் இப்போது பிரச்சினை. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தைச் சுமப்பவர்போல அடிமேல் அடி வைத்து உள்ளே போன மேடம், வெளியே வந்து புது மக் ஒன்று வேண்டும் என்றார்.

"இந்த மக்குக்கு என்ன கொறச்சல்?" என்றார் அண்ணி.

"கொறச்சல் ஒண்ணும் இல்ல அண்ணி. அதிகமாத்தான் இருக்கு."

அண்ணி மக்கைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தார். புது மக் வந்தது.

மருத்துவமனையில் நர்ஸ் சொல்லி அனுப்பியவை சிக்கலானவை அல்ல. வெறும் தண்ணீர், வாசனையில்லாத சோப்பு, கழுவுவது கையால் மட்டும். முன்னாலிருந்து பின்னால்தான் கழுவ வேண்டும், ஒருபோதும் திருப்பி அல்ல. கழுவியபின் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். கசிவை உறிஞ்சும் நாப்கின் பேடை அடிக்கடி மாற்ற வேண்டும். புதிதாக அமைத்த வழி சுருங்கிவிடாமல் இருக்க டைலேட்டர் என்ற வழுவழுப்பான கோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஜெல் தடவி, சொன்ன நேரத்துக்கு உள்ளே வைத்திருக்க வேண்டும். "மத்தபடி ரொம்ப நோண்டாதீங்க" என்று முடித்தார் நர்ஸ்.

எல்லாவற்றையும் மேடம் அப்படியே செய்தார். கடைசி வாக்கியம் மட்டும் அவருடைய தொழிலுக்கு ஒத்துவரவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தார். அதில் கிருமிநாசினி ஒரு மூடி ஊற்றினார். கழுவி முடித்ததும், கை தானாகவே மடித்த வெள்ளைத் துணியை எடுத்து ஓர் இழுப்பு இழுத்துக் கண்ணருகே கொண்டுவந்தது.

துணி மஞ்சளாக வந்தது. ஓரத்தில் கொஞ்சம் ரோஜா நிறம்.

அவர் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்தான். மறுபடி கழுவினார். மறுபடி துணி. மறுபடி மஞ்சள். மூடி இரண்டானது. ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்ற கணக்குப் போய், துணி வெள்ளையாக வரும்வரை என்றானது. எரிந்தது, சுத்தமாகிறது என்று நினைத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தடவை வெள்ளையாக எடுத்தும் காட்டிவிட்டார், தனக்குத்தானே. அன்று சாயங்காலம் அடியில் இருந்த தையல் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்ததுபோல விரலுக்குப் பட்டது. கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தார். பாதியை வீக்கம் மறைத்தது, மிச்சத்தை நீராவி மறைத்தது.

மேடம் பயந்துபோனார். வலிக்காக அல்ல, வலியை அவர் எப்போதும் விருந்தாளிபோல நடத்தி அனுப்பிவிடுவார். புண் கெட்டுப்போனால் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டிவரும், இரண்டாவது தடவை முதல் தடவைபோல அமையும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வாழ்நாளெல்லாம் காத்திருந்து வாங்கியதைத் தன் கையாலேயே பாழாக்கிவிட்டோமோ என்பதுதான் பயம். இதை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியிடம், "டாக்டர் வரச்சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். பிள்ளைகள் விட்டுப்போன தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே, வேனின் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் பார்த்தார். சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. தையல் கொஞ்சம் பிரிந்திருக்கிறது, சும்மா விட்டால் தானே சேர்ந்துவிடும் என்றார். ஆனால் சுற்றிலும் ஏன் இப்படிச் சிவந்து கன்றிப்போயிருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த அறைக்குப் போனார். பதிலை நர்ஸ் வாங்கினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுறீங்க?"

"தேவைப்படும்போதெல்லாம்."

"எப்போ போதும்னு நிறுத்துவீங்க?"

"துணி வெள்ளையா வந்ததும்."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினார். "என்ன துணி?"

மேடம் சொன்னார். கதவு விளிம்பு, கட்டில் தலைமாடு, குழாயின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் சொன்னார். நர்ஸ் சிரிக்கவில்லை. அந்தத் தொழிலில் சிரிப்பை அடக்கத் தனிப் பயிற்சி உண்டு போலிருக்கிறது.

"மேடம், அது ரூம் இல்ல. ஆறுற புண்ணு மஞ்சளா கசியத்தான் செய்யும். கசியுதுன்னா உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம். நீங்க மருந்து ஊத்தி, தேய்ச்சுத் தேய்ச்சு, புதுசா வர்ற தோலையெல்லாம் குப்பைன்னு நெனச்சு வாரிப் போட்டுட்டு இருக்கீங்க. இப்படியே செஞ்சா மறுபடி தையல் போட தியேட்டருக்குத்தான் போகணும்."

மேடம் தலையாட்டினார். தன் பணிப்பெண்கள் தன் முன்னால் எப்படித் தலையாட்டுவார்கள் என்பது அவருக்கு நினைவு வந்தது.

"வெறும் தண்ணி, சோப்பு. அவ்ளோதான். பச்சையா வந்தா, நாத்தம் அடிச்சா, காய்ச்சல் வந்தா உடனே வாங்க. அந்தத் தையல் உங்க கண்ணுக்குத் தெரியாது. வீட்ல யாராவது தெனமும் ஒரு தடவை பாத்துச் சொல்லணும். நீங்க பாக்க வேணாம். பாத்தா தொடைப்பீங்க."

"வீட்ல அப்படி யாரும் இல்லீங்க" என்றார் மேடம்.

பரிசோதனைக் கட்டிலை மறைத்திருந்த திரைக்கு அந்தப்பக்கம் பை, செருப்பு, மருந்துச்சீட்டு சகிதம் அண்ணி உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. வேன் பாதி வழி வந்ததும் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்து, "யாரும் இல்லையாமே. அப்ப நான் யாரு, ஸ்டெப்னி டயரா?" என்றார்.

மேடம் ஊர்ப்பட்ட அறைகளுக்குள் போய் அடுத்தவர் அந்தரங்கத்தை மூலைமுடுக்கெல்லாம் பார்த்தவர். தன்னை யாரும் பார்க்கவிட்டதில்லை. தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் துணி மாற்றியதில்லை. அந்த உடம்பு தன்னுடையது இல்லை என்பதால் ஒளித்துவைத்தார். இப்போது தன்னுடையதே வந்துவிட்டது. ஒளித்துவைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

கிருமிநாசினி பாட்டில் சமையலறைக்குப் போனது. வெள்ளைத் துணிகளை அண்ணி ஒரு கட்டாக எடுத்துப்போய் வேன் கண்ணாடி துடைத்தார். வேலையில்லாமல்போன மேடமின் கைகள் வீட்டுத் துண்டுகளையெல்லாம் ஓட்டல் பாணியில் மடித்து அடுக்கின. அலமாரியைத் திறந்த அண்ணன், அனுமதி கேட்டுத்தான் எடுக்க வேண்டுமோ என்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார். நர்ஸ் போன் செய்து, "வீட்ல பாத்தாங்களா?" என்று கேட்டபோது மேடம், "பாத்தாங்க, பாத்தாங்க" என்றார். யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் காலையில் பேடில் வழக்கத்தைவிட ஈரம் அதிகமாக இருந்தது. நிறம் என்ன என்று ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தும் மனசு ஒப்பவில்லை. மஞ்சள்தானா, பச்சை கலந்திருக்கிறதா? தன் கண்ணை நம்பித்தானே தையல் பிரியும்வரை தேய்த்தது? வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் மேடம் அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"அண்ணி, கொஞ்சம் பாக்குறீங்களா?"

அண்ணி எதைப் பார்க்க என்று கேட்கவில்லை. சாவியை ஆணியில் மாட்டினார். கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினார். "கடைக்குப் போயிட்டு வரேன்."

"என்ன வாங்க?" என்றார் அண்ணி.

"அதான், போய்ப் பாத்துட்டு வரேன்." ஆனால் போகும்முன் லிஃப்ட் கிணற்றுக்குள் கொண்டுபோகும் பெரிய டார்ச்சைத் தன் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, ஒரு முறை இருமினார்.

அண்ணி கை கழுவுவதை மேடம் பக்கத்தில் நின்று மேற்பார்வையிட்டார். "விரல் இடுக்கு அண்ணி. நகத்துக்கு அடியில." அண்ணி முழங்கைவரை சோப்புப் போட்டார். "இன்னொரு தடவை போடுங்களேன்." போட்டார். பிறகு மேடம் கட்டிலில் படுத்து, புடவையைத் தளர்த்திக்கொண்டு, முழங்காலை மடக்கி, கூரையைப் பார்த்தார். மின்விசிறியின் ஓரத்தில் ஒட்டடை இருந்தது. அதையே பிடித்துக்கொண்டார்.

டார்ச் எரிந்தது. அண்ணி குனிந்தார்.

"என்ன அண்ணி?"

"இரு."

"பச்சையா இருக்கா?"

"இல்ல."

"நாத்தம்?"

அண்ணி முகர்ந்து பார்த்தார். "சோப்பு வாசனைதான் வருது."

"அடியில, அந்தத் தையல்?"

"சேந்துதான் இருக்கு. ஓரத்துல கொஞ்சம் மஞ்சளா ஈரம். அதைச் சுத்தி ரோஸா புதுத் தோல் வருது. நம்ம வேன் பசங்க முட்டியைத் தேய்ச்சுக்கிட்டு வருவாங்களே, நாலு நாள் கழிச்சுப் பாத்தா இருக்குமே, அதே மாதிரி." டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். "ஆறிக்கிட்டு வருது. வேற என்ன?"

மேடம் ஒட்டடையிலிருந்து கண்ணை எடுத்து அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அந்த இடத்தைப் பார்க்கிற எவர் முகத்திலும் என்ன வரும் என்று அவர் எத்தனையோ வருஷமாக நினைத்துப் பார்த்திருக்கிறார். அதிர்ச்சி வரும், அருவருப்பு வரும். நல்லவர்களாக இருந்தால் பரிதாபம் வரும், அதைத் தாங்குவது இன்னும் கஷ்டம்.

அண்ணி கொட்டாவி விட்டார். விடியுமுன் எழுந்த களைப்பெல்லாம் சேர்ந்து, தாடை நெட்டி முறிய, கண்ணில் தண்ணீர் வர, நீளமான ஒரு கொட்டாவி. கையிலிருந்த டார்ச் வெளிச்சம் சுவரெல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்தது.

மேடம் அதைப் பார்த்தபடியே படுத்திருந்தார். பிறகு அவர் வாயும் தானாகத் திறந்துகொண்டது. அண்ணியின் முகத்துக்கு நேராக, வாயைப் பொத்திக்கொள்ளாமல், அவரும் ஒரு கொட்டாவி விட்டார்.